எம்4 கொத்தில் எவ்வளவு இரும்பு? கோளக் கொத்து விண்மீன்களின் வேதி இயைபை அளக்கும் முறை

வைகாசி, ஆனி மாதங்களின் முன்னிரவில் விருச்சிகம் தென்கிழக்கே எழுந்து நிற்கும்போது, அதன் நடுவில் செந்நிறமாக ஒளிரும் கேட்டை விண்மீனை எவரும் எளிதில் அடையாளம் காணலாம். கேட்டைக்கு மேற்கே, முழு நிலவின் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு தள்ளி, இருநோக்கியில் பார்த்தால் மட்டும் புலப்படும் சிறு புகைத்திட்டு ஒன்று இருக்கிறது. அது எம்4 என்று பட்டியலிடப்பட்ட கோளக் கொத்து. ஏறத்தாழ 6,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அந்தக் கொத்தின் விண்மீன்களில், ஹைட்ரஜனோடு ஒப்பிட்ட இரும்பின் அளவு சூரியனில் இருப்பதைப் போல ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு என்று வானியலாளர்கள் கூறுகிறார்கள். அங்கிருந்து ஒரு தூசியைக்கூட எடுத்துவராமல் இப்படி ஓர் எண்ணை எப்படிச் சொல்ல முடிகிறது, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை முதன்முறையாக இதைப் படிப்பவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோளக் கொத்து என்பது பல்லாயிரம் முதல் பல லட்சம் வரையிலான விண்மீன்கள் தங்கள் ஈர்ப்பினாலேயே ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொண்டு, உருண்டையாகத் திரண்டிருக்கும் கூட்டம். நமது பால்வழியில் இப்படிப்பட்ட கொத்துகள் நூற்றைம்பதுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை 1,100 கோடி முதல் 1,300 கோடி ஆண்டுகள் பழமையானவை. சூரியனின் வயதோ 460 கோடி ஆண்டுகள்தான். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களில் பெரும்பாலானவை விண்மீன்களுக்குள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் உருவாகித் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை என்பதால், இவ்வளவு பழைய விண்மீன்களில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், பால்வழியின் இளம்பருவத்தில் என்ன நடந்தது என்பதற்கான கணக்கேடு கையில் கிடைத்ததுபோல் ஆகும். அளப்பவருக்கு இன்னொரு பெரிய வசதியும் இங்கே உண்டு. ஒரு கொத்தின் விண்மீன்கள் அனைத்தும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில், ஏறத்தாழ ஒரே வயதில் இருக்கின்றன. எனவே ஒன்றோடொன்றை ஒப்பிடும்போது, வேறுபாடு வயதால் வந்ததா, தொலைவைத் தவறாக மதிப்பிட்டதால் வந்ததா என்ற குழப்பம் பெரும்பாலும் எழுவதில்லை.

அளவீட்டின் அடிப்படைக் கருவி நிறமாலை. விண்மீனின் ஒளியை அலைநீள வாரியாக விரித்தால், வானவில் போன்ற பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான இருண்ட கோடுகள் தெரியும். சூரிய நிறமாலையில் இவற்றை 1814-ஆம் ஆண்டு முதல் ஃபிரான்ஹோஃபர் முறையாக வரைந்து பதிவு செய்தார்; ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு என்பதை 1859-60-இல் கிர்க்காஃபும் புன்செனும் நிறுவினார்கள். உள்ளேயிருந்து வரும் ஒளியில், விண்மீனின் மேலடுக்கில் உள்ள அணுக்கள் தங்களுக்குரிய அலைநீளத்தை மட்டும் விழுங்கிவிடுவதால் அங்கே கோடு விழுகிறது. 589 நானோமீட்டரில் நெருங்கி நிற்கும் இரட்டைக் கோட்டைக் கண்டால் சோடியம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எது இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இவ்வளவு எளிது. எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விதான் கடினமானது. தொடக்க நிலையில் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவதும் இங்கேதான்.

கோடு எவ்வளவு கருமையோ அந்தத் தனிமம் அவ்வளவு மிகுதி என்று எண்ணத் தோன்றும். அது தவறு. சூரிய நிறமாலையின் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மிக வலிமையான கோடுகள் ஊதா ஓரத்தில், 393.4, 396.8 நானோமீட்டர்களில் இருக்கும் கால்சியம் அயனியின், அதாவது ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்சியம் அணுவின் கோடுகள். ஆனால் சூரியனில் 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு இரண்டே இரண்டு கால்சியம் அணுக்கள்தான் இருக்கின்றன. அத்தனை ஹைட்ரஜன் இருந்தும் அதன் கோடுகள் ஏன் பின்தங்குகின்றன? கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்க வேண்டுமானால் ஹைட்ரஜன் அணு முதலில் தன் அடிநிலையிலிருந்து இரண்டாம் ஆற்றல் நிலைக்கு ஏறியிருக்க வேண்டும். சூரியப் பரப்பின் வெப்பநிலையில் அப்படி ஏறி நிற்பது ஏறத்தாழ 20 கோடியில் ஓர் அணு. கால்சியம் அயனிகளோ அடிநிலையிலிருந்தபடியே அந்த ஊதா ஒளியை விழுங்குகின்றன. ஆகவே, கோட்டின் வலிமை அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வதில்லை; அவற்றில் எத்தனை விழுங்கத் தயாரான நிலையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்தெடுக்கும் வழியைத் திறந்தது, எந்த வெப்பநிலையில் எவ்வளவு அணுக்கள் அயனியாகியிருக்கும் என்று கணக்கிட உதவும், மேகநாத் சாஹா 1920-இல் வெளியிட்ட அயனியாதல் சமன்பாடு. அதைப் பயன்படுத்தி 1925-இல் செசிலியா பெயின் தமது ஆய்வேட்டில், விண்மீன்களில் மற்ற எல்லாவற்றையும்விட ஹைட்ரஜனே மிக மிகுதி என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய அளவீடுகள் அனைத்தும் அந்த வழியிலேயே நடக்கின்றன.

இனி எம்4-க்கு வருவோம். கொத்தின் எல்லா விண்மீன்களையும் அளக்க முடியாது. மிகப் பிரகாசமானவற்றையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை செம்பெருமீன்கள், அதாவது மையத்தில் ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டுப் பெரிதாக ஊதிப்போய், மேற்பரப்பு 4,000 முதல் 5,000 கெல்வின் வரை குளிர்ந்த முதிய விண்மீன்கள். எம்4 நமக்கு மிக அருகிலுள்ள கோளக் கொத்துகளில் ஒன்றாக இருந்தும், அதன் பிரகாசமான செம்பெருமீன்களே வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மங்கலானவை. அந்த ஒளியையும் மிக நுணுக்கமாக, 600 நானோமீட்டரில் 0.015 நானோமீட்டர் இடைவெளியைப் பிரித்தறியும் அளவுக்கு விரிக்க வேண்டும் என்பதால் பெரிய ஆடி இன்றியமையாதது. சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகள், நம் காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஒளியைத் திரட்டுகின்றன. அங்குள்ள ஃபிளேம்ஸ் என்ற அமைப்பு, வானில் நூற்றுக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களில் ஒளியிழைகளைப் பொருத்தி, அத்தனை நிறமாலைகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். 1959-இல் ஹெல்ஃபர், வாலர்ஸ்டைன், கிரீன்ஸ்டைன் ஆகிய மூவர் பலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு எம்13, எம்92 கொத்துகளின் செம்பெருமீன்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த காலத்தோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

நிறமாலை கைக்கு வந்ததும், அந்த விண்மீன் உண்மையிலேயே கொத்தைச் சேர்ந்ததா, இல்லை வழியில் குறுக்கே நிற்கும் அயலாரா என்று பார்க்க வேண்டும். எம்4 நம்மைவிட்டு நொடிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. விலகிச் செல்லும் பொருளின் ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகரும் டாப்ளர் விளைவால் அதன் கோடுகள் அனைத்தும் அதற்கேற்பச் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அப்படி நகராத விண்மீனை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது கோட்டை அளப்பது. கோடு என்று சொன்னாலும், வரைபடமாகப் பார்த்தால் அது சமதரையில் விழுந்த ஒரு பள்ளம் போன்றது. கோடே இல்லாவிட்டால் ஒளி எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று முதலில் தரையை வரைந்து, பள்ளத்தின் பரப்பைக் கணக்கிட்டு, அதே பரப்புக் கொண்ட, முழு ஆழமுள்ள ஒரு செவ்வகமாக மாற்றினால், அந்தச் செவ்வகத்தின் அகலம் எவ்வளவோ அதுவே அக்கோட்டின் சமான அகலம். கருவி கோட்டைச் சற்று மழுக்கிப் பரப்பிவிட்டாலும் பள்ளத்தின் மொத்தப் பரப்பு மாறாது என்பதால்தான் ஆழத்தை அளக்காமல் இதை அளக்கிறார்கள். தரையை எங்கே வரைவது என்பதில் செய்யும் சிறு பிழையும் விடையைப் பாதிக்கும். அனுபவமுள்ள கண் தேவைப்படும் இடம் இது.

சமான அகலத்திலிருந்து அணுக்களின் எண்ணிக்கைக்குப் போகும் வழியை வளர்ச்சி வளைகோடு என்பார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் வாளியை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். முதல் சொட்டில் தண்ணீரில் தெரியும் மாற்றம் இரண்டாவது சொட்டில் இரட்டிப்பாகும். ஆனால் தண்ணீர் ஏற்கெனவே கருநீலமாகிவிட்ட பிறகு இன்னும் பத்துச் சொட்டு விட்டாலும் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. அதுபோலவே மெல்லிய கோடுகள் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் வளர்கின்றன. வலிமையான கோடுகள் ஓரளவுக்கு மேல் நிறைவடைந்து, அணுக்கள் இரட்டிப்பானாலும் மிகச் சிறிதே வளர்கின்றன. இதனால்தான், சோடியத்தின் புகழ்பெற்ற 589 நானோமீட்டர் இரட்டைக் கோடு அளவீட்டுக்குப் பயன்படுவதில்லை. அதை விட்டுவிட்டு 568.2, 568.8 நானோமீட்டர்களிலும் 615.4, 616.1 நானோமீட்டர்களிலும் உள்ள மெலிந்த கோடுகளைத் தேடிப் போகிறார்கள்.

ஆக்சிஜனை அளப்பதில் உள்ள சிக்கலைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயன்தரும். செம்பெருமீன்களில் இதற்கு நம்பத்தக்க கோடு 630.03 நானோமீட்டரில் இருக்கிறது. அதே அலைநீளத்தில் நம் பூமியின் மேல்வளிமண்டல ஆக்சிஜன் இரவு முழுவதும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. போதாததற்கு, நாம் மூச்சுவிடும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வரிசையாகத் தம் சொந்தக் கோடுகளைப் பதித்துவிடுகின்றன. எம்4-இன் வேகம் இங்கே துணைக்கு வருகிறது. நொடிக்கு 71 கிலோமீட்டர் விலகல், விண்மீனின் கோட்டை ஏறத்தாழ 0.15 நானோமீட்டர் தள்ளி 630.18-க்குக் கொண்டுபோய்விடுவதால், இரவு வானத்தின் ஒளிர்கோட்டிலிருந்து அது விலகி நிற்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் இதில் சேர்வதால் கோட்டின் இடம் மாதத்துக்கு மாதம் சற்று மாறும். பூமியின் மூலக்கூறுக் கோடுகளோடு அது மோதாத நாளாகப் பார்த்து நோக்கினால் நல்லது. மோதினால், கோடுகளற்ற வெம்மையான விண்மீன் ஒன்றை அதே இரவில் பதிவு செய்து, பூமியின் கோடுகளை மட்டும் வகுத்து நீக்குகிறார்கள். இத்தனை பாடுபட்டு மீட்ட ஆக்சிஜன் கோடுதான் பின்னால் வரும் கதையின் பாதியைச் சுமக்கிறது.

கோடுகளை அளந்துவிட்டால் மட்டும் போதாது என்பதைக் கால்சியம் எடுத்துக்காட்டிலேயே பார்த்தோம். விண்மீன் வளிமண்டலத்தின் வெப்பநிலை, பரப்பில் உள்ள ஈர்ப்பு, வாயுவின் நுண்கொந்தளிப்பு (கோடுகளை அகலப்படுத்தும் சிறு சிறு அசைவுகள்) ஆகிய மூன்றும் தெரிந்தாக வேண்டும். வெப்பநிலையை விண்மீனின் நிறத்திலிருந்து மதிப்பிடுவது வழக்கம். ஆனால் எம்4-க்கு முன்னால் விருச்சிகத்தின் தூசு மேகங்கள் நிற்கின்றன. அவை ஒளியைச் சிவக்கச் செய்வதோடு, கொத்தின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட அதிகமாகவும் சிவக்கச் செய்கின்றன. மாலைச் சூரியன் சிவப்பாகத் தெரிவதை வைத்து அது குளிர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். அதனால் இரும்பையே வெப்பமானியாகப் பயன்படுத்தும் முறை கைகொடுக்கிறது. இரும்புக்கு ஏராளமான கோடுகள் உண்டு. சில தாழ்ந்த ஆற்றல் நிலைகளிலிருந்தும் சில உயர்ந்த நிலைகளிலிருந்தும் எழுபவை. உண்மையைவிடக் கூடுதலான வெப்பநிலையை ஊகித்துக் கணக்கிட்டால், தாழ்நிலைக் கோடுகள் அதிக இரும்பு இருப்பதாகவும் உயர்நிலைக் கோடுகள் குறைந்த இரும்பு இருப்பதாகவும் சொல்லும். குறைத்து ஊகித்தால் நேர்மாறு. எல்லாக் கோடுகளும் ஒரே விடையைச் சொல்லும் வெப்பநிலை எதுவோ, அதுவே விண்மீனின் வெப்பநிலை. ஈர்ப்புக்கும் இதே உத்திதான்: அயனியாகிவிட்ட இரும்பின் கோடுகள் ஈர்ப்பு கூடக் குறைய மாறும், நடுநிலை இரும்பின் கோடுகள் அவ்வளவாக மாறா, இரண்டும் ஒத்துப்போகும் இடம் விடை. மெல்லிய கோடுகளும் வலிய கோடுகளும் ஒரே இரும்பைச் சொல்லும்படி நுண்கொந்தளிப்பைத் திருத்துகிறார்கள். ஒரே தனிமம் தன்னுடனேயே முரண்படாமல் இருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையிலிருந்து இத்தனையையும் கறந்துவிடுவதை நான் இந்தத் துறையின் மிக அழகான பகுதியாகக் கருதுகிறேன்.

ஹைட்ரஜன் எங்கே அளக்கப்பட்டது என்று கவனமான வாசகர் கேட்கலாம். செம்பெருமீன்களில் அதன் கோடுகளை நேராக அளந்து அந்த எண்ணைப் பெறுவதில்லை. இரண்டாவதாக ஓர் எலெக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு எதிர்மின்னூட்டம் பெற்ற ஹைட்ரஜன் அயனிகள்தான் இவ்வகை விண்மீன்களின் வளிமண்டலத்தை மூடுபனி போல ஒளிபுகாததாக ஆக்குகின்றன. அந்த மூடுபனி எவ்வளவு ஆழம் வரை நம்மைப் பார்க்க விடுகிறதோ அவ்வளவு ஆழத்து இரும்பணுக்களே கோட்டில் சேர்கின்றன. எனவே இரும்புக் கோட்டின் வலிமையே இரும்புக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தைத் தன்னுள் தாங்கி வருகிறது. இந்த அயனி ஒளியை விழுங்கும் அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தந்தவர்களில் முதன்மையானவர், 1940-களில் அதில் உழைத்த சுப்ரமணியன் சந்திரசேகர்.

கிடைத்த விகிதத்தைச் சூரியனின் விகிதத்தோடு ஒப்பிட்டு, பத்தின் அடுக்காக எழுதுவது மரபு. [இரும்பு/ஹைட்ரஜன்] என்று சதுர அடைப்புக்குள் எழுதப்படும் அந்த எண் 0 என்றால் சூரியனுக்குச் சமம், −1 என்றால் பத்தில் ஒரு பங்கு, −2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. சூரியனில் ஒரு லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஏறத்தாழ மூன்று இரும்பணுக்கள் உள்ளன. −2.3 என்று அளக்கப்பட்ட எம்92-இல் ஒரு கோடி ஹைட்ரஜன் அணுக்களைத் தேடினால் ஒன்றிரண்டு இரும்பணுக்கள் கிடைக்கும். பரனாலில் 105 செம்பெருமீன்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான முடிவின்படி எம்4-இன் எண் −1.07, தொடக்கத்தில் சொன்ன பன்னிரண்டில் ஒரு பங்கு இதுவே. வெப்பநிலையில் 100 கெல்வின் பிசகினால் இந்த எண் ஏறத்தாழ 0.1 அளவுக்கு, அதாவது இரும்பின் அளவு கால் பங்கு வரை மாறக்கூடும் என்பதால், வெவ்வேறு குழுக்களின் எண்களுக்கிடையே சிறு வேறுபாடு இருப்பது இயல்பு. ஆனால் அந்தப் பிசகு ஒரே கொத்தின் ஒத்த விண்மீன்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத்தான் தள்ளும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பெருமளவு அடிபட்டுப் போகும்.

அப்படி ஒப்பிட்டபோதுதான் எதிர்பாராதது வெளிப்பட்டது. எம்4-இன் விண்மீன்களில் இரும்பு, அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள், ஒன்றாகவே இருக்கிறது. ஒரே வாயு மேகத்திலிருந்து ஒரே சமயத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்ததற்கு இது பொருந்துகிறது. சோடியமோ இரண்டு கூட்டமாகப் பிரிகிறது. ஒரு கூட்டத்தில் மற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சோடியம் மிகுந்த விண்மீன்களில் ஆக்சிஜன் குறைந்தும், சோடியம் குறைந்தவற்றில் ஆக்சிஜன் மிகுந்தும் காணப்படுகின்றன. இது எம்4-க்கு மட்டும் உரிய விந்தை அன்று. எம்5, எம்10 கொத்துகளின் சில விண்மீன்களில், கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறான சயனோஜனின் பட்டைகள் வழக்கத்துக்கு மாறாக வலிமையாக இருப்பது 1971-இலேயே கவனிக்கப்பட்டது. 2009-இல் பதினைந்து கொத்துகளின் 1,400-க்கும் மேற்பட்ட செம்பெருமீன்களை ஒரே முறையில் அளந்தபோது, சோடியமும் ஆக்சிஜனும் எதிரெதிராகச் செல்லும் இந்த உறவு அவை அனைத்திலும் தென்பட்டது. ஓமேகா சென்டாரி போன்ற சில கொத்துகளில் இரும்பே வேறுபடுகிறது, அவை தனிக்கதை.

ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகும் வினை 4 கோடி கெல்வின் அளவுக்கு மேல் நடந்தால், ஆக்சிஜன் நைட்ரஜனாகவும் நியான் சோடியமாகவும் மாறும். எனவே சோடியம் மிகுந்த விண்மீன்களில் இருப்பது ஒருமுறை எரிந்து வந்த பொருள் என்பது தெளிவு. அது அந்த விண்மீனுக்குள்ளேயே எரிந்து, கலக்கத்தால் மேலே வந்ததா, அல்லது பிறக்கும்போதே அப்படி இருந்ததா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. செம்பெருமீன்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை அதைத் தீர்க்க முடியவில்லை. 2001-இல் என்ஜிசி 6752 கொத்தில், இன்னும் செம்பெருமீனாகாத, வெறுங்கண் எல்லையைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கலான விண்மீன்களின் நிறமாலைகளைப் பரனாலில் பதிவு செய்து பார்த்தார்கள். அவற்றின் மையமே ஏறத்தாழ 2 கோடி கெல்வின்தான். சோடியத்தை உருவாக்கும் வெப்பம் அங்கே இல்லை, மையத்துப் பொருளை மேலே கொண்டுவரும் கலக்கமும் இல்லை. அவற்றிலும் அதே எதிர் உறவு இருந்தது. ஆகவே அந்தச் சோடியம் அந்த விண்மீன்கள் உருவாக்கியது அன்று. தங்களுக்கு முன்னே வாழ்ந்த வேறு விண்மீன்களிடமிருந்து பெற்றது. இரும்பு மாறாமலிருப்பதற்கும் இதே வழியில் விளக்கம் தருகிறார்கள்: மீயொளிர் வெடிப்புகள் (விண்மீன்கள் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாக்கள்) வீசிய இரும்பு மிகுந்த வேகத்தில் கொத்தைவிட்டே வெளியேறிவிட, மெதுவாகக் கசிந்த வாயு மட்டும் உள்ளே தங்கி அடுத்த கூட்டத்தில் சேர்ந்தது.

அந்த முன்னோர் யார் என்பதற்கு விடை இன்னும் உறுதியாகவில்லை. வாழ்நாளின் இறுதியில் வெளியடுக்குகளை மெல்ல இழக்கும் நடுத்தர நிறையுள்ள பெருமீன்கள், வேகமாகச் சுழலும் மாபெரும் நிறையுள்ள விண்மீன்கள், நெருங்கிச் சுற்றும் இரட்டைகள் என்று பல கருத்துகள் முன்வைக்கப்பட்டுள்ளன. எரிந்த பொருளில் ஹீலியமும் கூடியிருக்க வேண்டும். ஆனால் குளிர்ந்த செம்பெருமீன்களின் மேலடுக்கில் ஹீலியத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் கோடு விழுவதில்லை. 2007-இல் ஹபிள் தொலைநோக்கி, என்ஜிசி 2808-இன் முதன்மைத் தொடர் (மையத்தில் இன்னும் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் நிறம்-பிரகாச வரைபடத்தில் அமையும் வரிசை) ஒரே இழையாக இல்லாமல் மூன்று இழைகளாகப் பிரிந்து நிற்பதைக் காட்டியபோது, ஹீலியத்தின் அளவு வேறுபடுகிறது என்பதற்கு மறைமுகமான சான்றாக அது கொள்ளப்பட்டது.

எம்4-இலேயே இன்னொரு தடயம் 670.8 நானோமீட்டரில் லித்தியத்தின் மெல்லிய கோடாக இருக்கிறது. லித்தியம் 25 லட்சம் கெல்வினிலேயே அழிந்துவிடும் நலிந்த தனிமம். 4 கோடி கெல்வினில் எரிந்து வந்த வாயுவில் அது மிஞ்ச வழியே இல்லை. அப்படியானால் சோடியம் மிகுந்த விண்மீன்களில் லித்தியம் குறைந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது எம்4-இன் இரண்டு கூட்டங்களிலும் அது ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. எரிந்த வாயுவோடு எரியாத வாயு கலந்தால் லித்தியம் ஓரளவு மீளுமே தவிர, முழுமையாக மீளாது. மாபெரும் விண்மீன்களால் லித்தியத்தைப் புதிதாக உருவாக்க இயலாது. நடுத்தர நிறையுள்ள பெருமீன்கள் தங்கள் வாழ்வின் கடைசிக் கட்டத்தில், பெரிலியத்தைச் சூடான அடியிலிருந்து விரைவாக மேலே கடத்தி, குளிர்ந்த அடுக்கில் அதை லித்தியமாக மாறவிடும் வல்லமை உடையவை. எனவே எம்4-ஐப் பொறுத்தவரை அந்தக் கோடு சுட்டுவது இவற்றின் பக்கம்தான்.